மாடியில் ஒரு சின்ன வீடு கட்ட வழி சொல்லுங்க

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்களுக்கு 700 சதுர அடியில் தரைத்தள வீடு. இருபக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய பழைய கட்டடம், பில்லர் கிடையாது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் தம்பி, அவன் மனைவி, கைக்குழந்தை இருக்கிறார்கள். மே மாதம் மத்தியானத்தில் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது, குழந்தை முதுகெல்லாம் வேர்க்குரு.

அதை இடித்துவிட்டு சமையலறை, கழிவறையோடு ஒழுங்கான வீடாகக் கட்ட ஆசை. 2024 ஜூலையில் வந்த தமிழக அரசின் சுயசான்றிதழ் திட்டத்தில் (விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்குவது) 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம், ஒரு மாடி வரை என்றால் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கும். ஆனால் ஏற்கனவே உள்ள வீட்டின் மேல் கட்ட இது செல்லுமா? பக்கத்தில் இடம் விடாத எங்களைப் போன்ற வீட்டுக்கு? யாராவது இப்படி வாங்கியிருந்தால் சொல்லுங்க.

கலிபோர்னியாவில் வீட்டோடு சேர்ந்த துணை வீட்டுக்கு விண்ணப்பித்தால் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நெருக்கமான நம்ம பகுதிக்கும் அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

அப்புறம், மேஸ்திரி "சுவர் தாங்கும்"னு சொல்கிறார், அதை மட்டும் நம்பி இறங்கப் பயமாக இருக்கு. நேரில் வந்து பார்க்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க.