மறு: 'மட்டு மதிப்பு' இருக்கட்டுமா, 'தொலைவளவு' வரட்டுமா?

வணக்கம் ஐயா,

ஆங்கிலத்தில் absolute value எனப்படும் |அ|-வை 'மட்டு மதிப்பு' என்பதற்குப் பதிலாகத் 'தொலைவளவு' என்று சொல்லலாம் என்றேன். 'மட்டு மதிப்பு' பாடநூலில் ஊறிப்போன சொல், அதைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஊறிப்போனது உண்மைதான். ஆனால் பத்தாம் வகுப்பில் 'மட்டு எண்கணிதம்' படிக்கிறார்கள்: 17-ஐயும் 2-ஐயும் 5-ஆல் வகுத்தால் மீதி ஒன்றே, ஆகவே மட்டு 5-ஐப் பொறுத்து அவை ஒருங்கிசைவு. பதினோராம் வகுப்பில் |−17| = 17 என்பதற்கும் அதே 'மட்டு'. முன்னது மீதியைப் பற்றியது, பின்னதற்கும் மீதிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, சொல்லில் பிடிமானம் இல்லாததால் பிள்ளைகள் 'குறியை எடுத்துவிட்டால் மட்டு' என்று மனப்பாடம் செய்துகொள்வது. வெறும் எண் இருக்கும்வரை அது ஓடும். 'அ < 0 எனில் |அ| = −அ' என்ற வரியில் திகைத்துவிடுவார்கள்: குறியை எடுக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகக் குறி போடுகிறார்களே! அ-வுக்கு −7 போட்டு, −(−7) = 7 என்று காட்டினால்தான் தெளிகிறது. |அ − 3| < 5 என்று கொடுங்கள். பாதிப்பேர் கோடுகளை அழித்துவிட்டு 'அ < 8' என்று நிறுத்திவிடுவார்கள்.

தொலைவு என்று சொல்லிப் பாருங்கள். எண்கோட்டில் 3-இல் நின்று இரண்டு பக்கமும் 5 அலகு போனால் −2, 8. விடை இவற்றுக்கு இடையில். |அ − 3| = −5 என்றால் தீர்வே இல்லை, தொலைவு குறை எண்ணாக இருக்க முடியாது. |2அ − 1| = 7 என்பதில் 2அ என்ற புள்ளி 1-இலிருந்து 7 அலகு தள்ளி நிற்கிறது; அப்படியானால் 2அ = 8 அல்லது −6, அதாவது அ = 4 அல்லது −3. மெய்ப்பகுதி 3, கற்பனைப்பகுதி 4 உள்ள கலப்பெண்ணுக்கு (complex number) மட்டு மதிப்பு 5 என்று வருவதும் ஆதியிலிருந்து, அதாவது அச்சுகள் வெட்டும் புள்ளியிலிருந்து, உள்ள தொலைவுதான். அங்கே எடுக்கக் குறியே இல்லை.

சரி, |அஆ| = |அ||ஆ| என்ற விதி தொலைவு என்றதும் தானாக மனத்தில் எழாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓர் இடத்துக்காக மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்க மனமில்லை.

'சுழித்தொலைவு' (சுழியிலிருந்து, அதாவது பூச்சியத்திலிருந்து, உள்ள தொலைவு) என்ற இன்னொரு பரிந்துரையும் அழகானது. ஆனால் |அ − 3|-ஐ 3-இலிருந்து தொலைவு என்று விளக்கும்போது, 'சுழி எங்கே?' என்ற கேள்வி வரும். அதனால்தான் 'தொலைவளவு' என்கிறேன். தொலைவளவுச் சார்பு, தொலைவளவு அசமன்பாடு என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் வருகின்றன. 1841-இல் ஜெர்மன் கணிதவியலாளர் வைர்ஸ்ட்ராஸ் கொண்டுவந்த அந்த இரண்டு செங்குத்துக் கோடுகள் அப்படியே இருக்கட்டும். வாயால் படிக்கும் சொல்லை மட்டும் மாற்றுவோம்.

அப்புறம் ஒன்று: இயற்பியல் வகுப்பில் மீட்டரில் அளக்கும் தூரத்தோடு 'தொலைவளவு' குழம்புமா? இயற்பியல் நடத்தும் நண்பர்கள் சொன்னால் நல்லது. குழம்பும் என்றால் 'எண்தொலைவு' என்று வைத்துக்கொள்ளவும் எனக்குச் சம்மதம்.