ரெஸ்டோர், ரெக்கவரி: இரு வேலைகளுக்கும் ‘மீட்டெடுப்பு’ என்ற ஒரே சொல் போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தரவுத்தள இயக்கக் கையேட்டின் தமிழ் வரைவில் ரெஸ்டோர் (காப்புப்பிரதியிலிருந்து, அதாவது பேக்கப்பிலிருந்து, தரவைத் திரும்ப வைப்பது), ரெக்கவரி (தரவுத்தளம் முரணற்ற நிலைக்கு வருவது) ஆகிய இரண்டுக்குமே ‘மீட்டெடுப்பு’ என்ற சொல் வந்திருப்பதைச் சென்ற வாரம் சுட்டியிருந்தேன். “எல்லாருக்கும் பழகிய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்குவானேன்?” என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். மொழித்தூய்மைக்காக நான் இதை எழுப்பவில்லை. பெரிய தரவுத்தளம் ஒன்றைக் காப்புப்பிரதியிலிருந்து திரும்பக் கொண்டுவருவது ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று தேடும் இரவில், எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுப்பினேன்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெருங்குடியில் நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்தில், எஸ்க்யூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில் இயங்கிய 2 டெராபைட்டுத் தரவுத்தளம் ஒன்றைப் புதிய கணினிக்கு மாற்ற வேண்டியிருந்தது. சுருக்கிய காப்புப்பிரதியே ஏறத்தாழ 1 டெராபைட்டு. இரவுப்பணியாளர் நோட்டில் மூன்று வரிகள் எழுதியிருந்தார்: 9.15, மீட்டெடுப்பு நடக்கிறது, 11.00, மீட்டெடுப்பு நடக்கிறது, 2.00, மீட்டெடுப்பு நடக்கிறது. மூன்று வரியும் உண்மை. ஆனால் அந்த மூன்று நேரத்திலும் கணினி செய்துகொண்டிருந்தவை மூன்று வெவ்வேறு வேலைகள்.

முதல் ஒன்றரை மணி நேரம் திரை 0 சதவீதத்திலேயே நின்றது. காப்புப்பிரதியிலிருந்து ஒரு பைட்டுகூட அதற்குள் இறங்கவில்லை. தரவுக்கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் சுழியங்களால் நிரப்பிக்கொண்டிருந்தது கணினி. சேவைக் கணக்குக்கு அதற்குரிய விண்டோஸ் உரிமையை முன்பே வழங்கியிருந்தால் தரவுக்கோப்புகளுக்கு இந்த வேலையே தேவைப்பட்டிருக்காது. அடுத்து பிரதி வலையமைப்பின் வழியே வந்தது. 1 கிகாபிட் இணைப்பு நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் தராது. 1 டெராபைட்டு வந்து சேர 8,000 நொடிகள், அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வட்டை எவ்வளவு விரைவானதாக மாற்றியிருந்தாலும் அந்த நேரம் குறைந்திராது. ஒரு மணிக்குத் திரை 100 சதவீதம் காட்டியது. “முடிந்தது” என்று மேலாளருக்குச் செய்தி போயிற்று. ஆனால் தரவுத்தளம் திறக்கவில்லை.

அந்த 100 சதவீதம், பிரதியிலிருந்து தரவுப் பக்கங்களை (தரவைச் சேமிக்கும் சிறு தொகுதிகளை) எடுத்து அவற்றின் இடத்தில் வைத்தாயிற்று என்பதை மட்டுமே குறிக்கும். காப்புப்பிரதி எடுக்கும்போதும் தரவுத்தளம் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்நேரத்தில் நடந்த மாற்றங்கள் பதிகையில், அதாவது மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் லாக்கில், இருக்கும். அவற்றை மீண்டும் நிகழ்த்தி, முற்றுப்பெறாத பரிவர்த்தனைகளை விலக்கிய பிறகுதான் தரவுத்தளம் முரணற்ற நிலைக்கு வந்து திறக்கும். அன்று மாலை பிரதி எடுத்த அதே நேரத்தில் பெரிய அட்டவணை ஒன்றின் இன்டெக்ஸ்களை (விரைவாகத் தேட உதவும் சுட்டிகளை) மறுபடி கட்டும் பணியும் ஓடியிருந்ததால் பதிகை மிக நீண்டதாக இருந்தது. மூன்று மணிக்கு, ‘மீட்டெடுப்பு’ முடிந்தும் தளம் திறக்கவில்லையே என்று பதறிய இளைஞர் ஒருவர் சேவையை நிறுத்தித் தொடங்கினார். மொத்த வேலையையும் தொடக்கத்திலிருந்து செய்ய நேர்ந்தது. மறுநாள் அவருக்குத்தான் திட்டு விழுந்தது. அவர் கையில் கொடுத்திருந்த தாளில் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு பெயரே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அந்தத் தாளைத் தமிழில் எழுதியவன் நான்.

அதே எஸ்க்யூஎல் சர்வரில் ‘ரெஸ்டோர் … வித் நோரெக்கவரி’ (ரெஸ்டோர் செய், ரெக்கவரி செய்யாதே) என்று ஒரு கட்டளை உண்டு. முழுப்பிரதியை அமர்த்திவிட்டு, அதன்மேல் பதிகைப் பிரதிகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருக்கும்போது இதைப் பயன்படுத்துவார்கள். நம் வரைவின்படி இதற்கு விளக்கம் எழுதினால் ‘மீட்டெடுப்பு இல்லாமல் மீட்டெடுத்தல்’ என்று வரும். எந்தப் பணியாளரும் இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

‘மீட்டெடுப்பு’ மீது எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அடகு வைத்த நகையை மீட்டால் அது கடையை விட்டு வீட்டுக்கு வந்துவிடும். கடையில் ஒன்றும் இருக்காது. காப்புப்பிரதியோ எத்தனை முறை பயன்படுத்தினாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். பயிற்சிக்கு வந்த பெண் ஒருவர், “சார், மீட்டெடுத்த பிறகு பிரதி அழிந்துவிடுமா? முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். அந்தச் சொல்லிலிருந்து அவர் பெற்ற பொருளில் தவறில்லை.

ஆகவே நான் முன்வைப்பவை இவை. பிரதியிலிருந்து தரவுப் பக்கங்களை அவற்றின் இடத்தில் திரும்ப வைப்பதற்கு ‘மீளமர்த்தல்’. பதிகையை நிகழ்த்தித் தரவுத்தளம் முரணற்ற நிலைக்கு வருவதற்கு ‘மீட்சி’. முன்னது நாம் செய்வது, பின்னது தரவுத்தளம் தானே அடைவது. மீள் என்னும் வினை, மீண்டான் என்று தன்வினையாகவும் மீட்டான் என்று பிறவினையாகவும் வருவது. ‘ஆள்’ என்பதிலிருந்து ‘ஆட்சி’ பிறந்ததுபோல ‘மீள்’ என்பதிலிருந்து மீட்சி பிறக்கிறது. தானே மீண்டெழும் பொருளை அது இயல்பாகத் தாங்குகிறது. மின்சாரம் போய் வந்தபின் பிரதி எதையும் தொடாமல் தரவுத்தளம் தன் பதிகையைக் கொண்டே எழுந்து நிற்பதையும் ரெக்கவரி என்றுதான் சொல்கிறோம். அங்கே மீளமர்த்தல் அறவே இல்லை, மீட்சி மட்டுமே உண்டு. இரண்டும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வடிவ மாற்றத்துக்கும் ‘மீளமர்த்தல்’ ஒத்துழைக்கிறது. பொத்தானில் ‘மீளமர்த்து’, அறிக்கையில் ‘மீளமர்த்தப்பட்டது’, கருவிக்கு ‘மீளமர்த்தி’ என எல்லாம் தடங்கலின்றி வருகின்றன. ‘மீள்நிறுவல்’ என்று ஒருவர் பரிந்துரைத்தது நல்ல சொல்தான். ஆனால் மென்பொருளைத் திரும்ப நிறுவுவதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘மீட்டமை’ கைபேசிகளில் ரீசெட் என்ற பொருளில் ஊன்றிவிட்டது. அனைத்தையும் அழித்துத் தொடக்கநிலைக்குக் கொண்டுபோகும் அந்தச் சொல்லை இங்கே கொண்டுவருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

முதல் கட்டத்துக்கு, அதாவது இடத்தைச் சுழியங்களால் நிரப்புவதற்கு, ‘சுழியிடல்’ போதும். வேலையின் தொடக்கத்தில் நிகழ்வது என்பதால், பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் நம் வழக்கத்தோடும் அது சேர்ந்து நினைவில் நிற்கும்.

எனக்குத் தெளிவில்லாத இடம் போஸ்ட்கிரெஸ் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளின் பக்கம் இருக்கிறது. இங்கேதான் உங்கள் கருத்து அதிகம் வேண்டும். அதன் காப்புப்பிரதிக் கருவியான பிஜி_டம்ப் உண்டாக்குவது பக்கங்களின் படிமம் அன்று. அட்டவணையை உருவாக்கு, இந்த வரிசைகளை ஏற்று, இந்த இன்டெக்ஸைக் கட்டு என்னும் கட்டளைகளும் தரவும் அடங்கிய பிரதி அது. இன்டெக்ஸின் உள்ளடக்கம் பிரதியில் கிடையாது, அதைக் கட்டுவதற்கான கட்டளை மட்டுமே உண்டு. அதனால் தரவு ஏறி முடிந்த பிறகு ஒவ்வொரு இன்டெக்ஸும் அடியிலிருந்து கட்டப்படுகிறது. பெரிய தளங்களில் நேரத்தின் பெரும்பங்கை விழுங்குவது பல வேளைகளில் இந்தக் கட்டம்தான். இங்கே வலையமைப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. இன்டெக்ஸ் கட்ட ஒதுக்கும் நினைவகத்தின் இயல்பளவு 64 மெகாபைட்டு மட்டுமே. அதை உயர்த்தியிருக்கிறோமா, அந்தப் பிரதியை ஏற்றும் கருவியான பிஜி_ரெஸ்டோரைப் பல பணிகளாகப் பிரித்து ஓட்டுகிறோமா என்றுதான் பார்க்க வேண்டும். பிரதியை வெறும் கட்டளை உரையாக எடுத்து வைத்திருந்தால் அப்படிப் பிரித்து ஓட்டவும் வழியில்லை. தனிவடிவிலோ (கஸ்டம்) கோப்புறை வடிவிலோ எடுத்திருக்க வேண்டும். அதாவது, இன்றைய தாமதத்தின் காரணம் பிரதி எடுத்த நாளன்றே முடிவாகிவிட்டது.

இதையும் மீளமர்த்தல் என்றே சொல்லலாமா? அந்தக் கருவியின் பெயரிலேயே ரெஸ்டோர் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இங்கே எதுவும் திரும்ப அமர்வதில்லை. எல்லாம் புதிதாக ஆக்கப்படுகிறது. அதனால் இதற்கு ‘மீளாக்கல்’ என்ற தனிச்சொல்லையும், பிரதிகளுக்குப் ‘படிமப் பிரதி’, ‘கட்டளைப் பிரதி’ என்ற இணையையும் பரிந்துரைக்கிறேன். படிமப் பிரதியை மீளமர்த்துகிறோம், கட்டளைப் பிரதியிலிருந்து மீளாக்குகிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. சொல் பெருகினால் பணியாளருக்குச் சுமை என்பவர்களின் கவலையையும் மதிக்கிறேன்; ஆனாலும் இந்த இரண்டு வேலைகளையும் கையால் செய்து பார்த்தவர்கள் பிரித்துச் சொல்வதையே விரும்புவார்கள் என்று நம்புகிறேன்.

“பேச்சில் எல்லாரும் ரெஸ்டோர் என்றுதானே சொல்கிறார்கள், அப்படியே விடலாமே” என்ற கருத்தும் வந்தது. பேச்சில் இருக்கட்டும். ஆனால் ‘ரெஸ்டோர் ஆயிடுச்சு’ என்று நம் அலுவலகங்களில் சொல்லும்போதும் பிரதி இறங்கியதைச் சொல்கிறார்களா, தளம் திறந்ததைச் சொல்கிறார்களா என்பது விளங்குவதில்லை. கையேட்டில் அந்தக் குழப்பம் இருக்கக் கூடாது.

அமேசான் மேகத்தில் வட்டின் கணநேரப் படிமத்திலிருந்து (ஸ்னாப்ஷாட்) புதிய வட்டை உண்டாக்கினால், அது உடனே ஆயத்தமானதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு துண்டையும் முதல்முறை தொடும்போதுதான் அது தொலைவிலுள்ள சேமிப்பிலிருந்து வந்து சேரும். தளம் திறந்துவிடும், வினவல்கள் மட்டும் மணிக்கணக்கில் தள்ளாடும். இதற்கு எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. ‘தொடுவரவு’ என்று ஒன்றை நினைத்துப் பார்த்தேன். ஓசை பிடித்திருக்கிறது, பொருள் உடனே விளங்குமா என்ற ஐயம் இருக்கிறது. தமிழாசிரியர்களாக இருக்கும் உறுப்பினர்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

சொற்குவை போன்ற கலைச்சொல் தொகுப்புகளுக்கு அனுப்பும் முன் சொற்களை வேலையிடத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். இப்போது நான் இருக்கும் அலுவலகத்தில், இரவுப்பணி மேசைக்கு மேல் ஒட்டிய தாளில் 100 சதவீதத்துக்கு எதிரே இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: “மீளமர்த்தல் முடிந்தது. மீட்சி நடக்கிறது. தளம் திறக்கும் வரை சேவையை நிறுத்த வேண்டாம்.” நேற்றிரவு நோட்டில் பணியாளர் தம் கையால் எழுதியிருந்த வரி: “1.20, அமர்த்தியாயிற்று, மீட்சிக்குக் காத்திருக்கிறேன்.”

அன்புடன்,
குழு உறுப்பினர், சென்னை