ரைசன் 5600: வோல்ற்றேச்சைக் கூட்டி ஓடவிடலாமோ?

மாங்குளத்தான்:
அண்ணைமார், கலியாண வீடியோ எடிட் பண்ணுற மெசின், ஏஎம்டியின்ர ரைசன் 5 5600 சிப். எல்லாக் கோரையும் 4.7 கிகாஹேர்ட்ஸில லொக் பண்ணி 1.38 வோல்ற் குடுத்திருக்கிறன், ரெண்டர் (எடிட் பண்ணினதை முழு வீடியோவா ஆக்கி எடுக்கிறது) பறக்குது. கூட்டாளி ஒருத்தன் சிப் செத்துப்போகும் எண்டு வெருட்டுறான். உண்மையோ?

பரந்தன்_பொடியன்:
அவர் சொல்லுறது சரி. பவர் கிளாக்கோட (அந்த கிகாஹேர்ட்ஸ் வேகம்) நேரா ஏறும், வோல்ற்றேச்சோட வர்க்கத்தில ஏறும். 1.2 இல 4.4 ஓடுற சிப்பை 1.38 இல 4.7 ஆக்கினா வேகம் 7 வீதம் கூட, பவர் 40 வீதம் கூட. சித்திரை வெய்யிலுக்க அந்தச் சூட்டை எங்க கொண்டுபோய்க் கொட்டப்போறீர்?

மாங்குளத்தான்:
ஆறு மணித்தியால ரெண்டரில 20 நிமிசத்துக்கு மேல மிச்சம் அண்ணை, சீசனுக்க அது சின்ன விசயமே?

முல்லை_வயர்மன்:
உதெல்லாம் விடுங்கோ, பின்னேரத்தில லைன் வோல்ற்றேச் விழுற ஊரில ஓசி (ஓவர்கிளாக், சிப்பை வேகம் கூட்டி ஓட்டுறது) நிக்காது. முதல் ஸ்டெபிலைசர் போடும் தம்பி.

பரந்தன்_பொடியன்:
அண்ணை அது வேற வோல்ற்றேச். லைன் கொஞ்சம் விழுந்தாலும் பவர் சப்ளை 12 வோல்ற்தான் குடுக்கும், போர்ட்டில இருக்கிற விஆர்எம் எண்ட வோல்ற்றேச் சுற்றுத்தான் அதை ஒண்டே சொச்சத்துக்கு இறக்குது. நல்லா விழுந்தா மெசின் ஓஃப் ஆகும், அவ்வளவுதான்.
தம்பி, லொக்கை எடுத்துப்போட்டு பயோஸில பிபிஓவை (சிப் தானா வேகம் கூட்டுற எல்லையைத் தளர்த்துற செற்றிங்) திறந்து, கேர்வ் ஒப்டிமைசரில (வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற செற்றிங்) மைனஸ் 20 வையும். அதே கிளாக்குக்கு வோல்ற் குறையும், சூடு குறைய சிப் தானா மேல போகும்.

முல்லை_வயர்மன்:
மைனஸ் போட்டவை படுற பாடு எனக்குத் தெரியும். சினிபெஞ்ச் (சிப்புக்குப் பாரம் ஏத்திப் பாக்கிற சோதனை) விடிய விடிய ஓடும், பிறகு பிரவுசரைத் திறந்துபோட்டுச் சும்மா இருக்கேக்க ரீஸ்டார்ட். பாரம் இல்லாத நேரம் ஒரு கோர் மட்டும் உச்சத்துக்குப் பாயும், அங்கதான் வோல்ற் காணாது.

பரந்தன்_பொடியன்:
அப்ப மைனஸ் 10 வைக்கிறது. வோல்ற் காணாட்டி ரீஸ்டார்ட்தான் ஆகும், கூடினா சிப்பெல்லோ தேயும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில என்ன நடந்தது? ஓசி பண்ணாத ஆக்களின்ரயே பழுதாகி, 2024இல 1.55 வோல்ற்றுக்கு மேல போகாம மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற கட்டளை) அப்டேட் விட்டவங்கள்.

மாங்குளத்தான்:
1.55 எங்க, என்ர 1.38 எங்க! அதோட அது வேற கொம்பனி.

முல்லை_வயர்மன்:
ரெண்டர் ஓடேக்க டெம்பரேச்சர் எவ்வளவு?

மாங்குளத்தான்:
86, 87. மத்தியானத்தில.

பரந்தன்_பொடியன்:
5600க்கு எல்லையே 90!! அதைத் தொட்டா தானே கிளாக்கைக் குறைக்கும், பிறகு உம்மட 20 நிமிசம் எங்க?

மாங்குளத்தான்:
சரி சரி, 4.6, 1.28 வைச்சுப் பாக்கிறன். மைனஸ் விளையாட்டு சீசன் முடியத்தான்.