480 பேருக்கு ஒரே நேரத்தில் மூடில் பரீட்சை: சேர்வர் தாங்குமா?

வடலிக்காற்று

வணக்கம். பீடத்தின் முதலாம் வருடப் பாடமொன்றுக்கு அடுத்த மாதம் மூடிலில் (இணையவழிக் கற்பித்தல் மென்பொருள்) பரீட்சை. 480 பேர், 40 வினா (35 பல்தேர்வு, 5 குறுவிடை), ஒரு மணித்தியாலம். காலை 9.00க்கு எல்லோரும் ஒன்றாகத் தொடங்கவேண்டும் என்கிறது பரீட்சைப் பகுதி. சேர்வர் 4 கோர், 8 ஜிபி ரேம். வெப்பும் டேட்டாபேஸும் அதிலேயே. பாதிப்பேர் ஆய்வுகூடத்தில், மீதிப்பேர் கைபேசியில். ரேமை 16 ஆக்கித் தரலாமாம். அது போதுமா? வினாத்தாள் வேர்ட் கோப்பில், பாமினி எழுத்துருவில் வந்திருக்கிறது. குறுவிடைகளும் தமிழில்தான்.

கட்டுத்தறி

ரேம் கூடினால் நல்லதுதான், ஆனால் உங்கள் நெருக்கடி அங்கே இல்லை. தேர்வு ஓடும்போது சர்வர் திணறுவது குறைவு. எல்லாரும் தொடங்கும் பொத்தானை அழுத்துகிற முதல் சில நிமிடம்தான் கண்டம். ஒருவர் தொடங்கியதுமே அவருக்காக 40 கேள்விக்கும் தனித்தனிப் பதிவுகளை மூடில் டேட்டாபேஸில் எழுதுகிறது. ஒரு தொடக்கத்துக்கு ஒரு நொடி சிபியு என்று வையுங்கள்: 4 கோரில் நொடிக்கு நாலு பேர், 480 பேருக்கு இரண்டு நிமிடம். அதற்குள் பொறுமை இழந்தவர்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பார்கள், வரிசை இன்னும் நீளும், 504 பிழை (சர்வர் உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்ற செய்தி) வர ஆரம்பிக்கும்.

120 பேர் வீதம் நாலு குரூப் போடுங்கள். குரூப் ஓவர்ரைடில் (ஒரு குரூப்புக்கு மட்டும் தனி நேரம் வைக்கும் வசதி) தொடக்கம் 9.00, 9.05, 9.10, 9.15. முடிவை ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலிருந்து 70 நிமிடம் தள்ளி வையுங்கள், நேர வரம்பு 60 நிமிடமாகவே இருக்கட்டும். கேள்விகளை வங்கியிலிருந்து தற்செயலாக எடுக்க வைத்தால் முதல் குரூப் வெளியே சொல்வதால் பெரிய பயன் இராது. தேர்வுப் பிரிவை இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமான வேலை. மேலே உள்ள இரண்டு நிமிடக் கணக்கைக் காட்டுங்கள்.

மூடிலின் நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் பலர் செய்யும் தவறு, மேக்ஸ் சில்ட்ரனை (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிராசஸ்களின் உச்ச எண்ணிக்கை) 300 என்று போடுவது. ஒரு பிராசஸ் 80 எம்பி என்றால், டேட்டாபேஸுக்கும் இயங்குதளத்துக்கும் 3 ஜிபி ஒதுக்கியபின் மீதி 5 ஜிபியில் 60தான் கொள்ளும். அதற்கு மேல் போனால் ஸ்வாப்பில் (ரேம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) விழுந்து மொத்தமும் நின்றுவிடும். 60க்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இயல்பான 151 இணைப்பே தாராளம். செஷன் (உள்நுழைந்திருப்பவர்களின் தற்காலிகப் பதிவு) டேட்டாபேஸில் இருந்தால், ரேமிலேயே வைத்துக்கொள்ளும் ரெடிஸுக்கு மாற்றுங்கள்.

சங்குப்பிட்டி

மேலே சொன்னதோடு க்ரானையும் (பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) பாருங்கள், நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவேண்டும். நேரம் முடியும்போது உலாவி மூடியிருந்த மாணவனின் விடைத்தாளைத் தானாகச் சமர்ப்பிப்பது க்ரான்தான். அது நின்றிருந்தால் பரீட்சை முடிந்த பின்பும் பலருடைய முயற்சி "நடந்துகொண்டிருக்கிறது" என்றே கிடக்கும்.

தானியங்கிச் சேமிப்பு இயல்பில் ஒரு நிமிடம். 480 பேருக்குச் செக்கனுக்கு 8 கோரிக்கை வரை வரும். இதைக் குறைக்கச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். மின்சாரம் போனால் அதுதான் காப்பாற்றும். சுமையைக் குறைக்க பக்கத்துக்கு 5 வினா வையுங்கள்: ஆளுக்கு 40 பக்கம் 8 ஆகிவிடும். எல்லா வினாவையும் ஒரே பக்கத்தில் போடுவது வேறு தொல்லை, கைபேசியில் அந்தப் பக்கம் திறக்கவே நேரமெடுக்கும்.

ஆய்வுகூடக் கணினிகள் எல்லாம் வெளியே ஒரே ஐபியாகத் தெரிந்தால், ஐபிக்கு இத்தனை கோரிக்கை என்று மட்டுப்படுத்தும் ஃபயர்வால் விதி 240 பேரையும் சேர்த்து அடைத்துவிடும். அந்த ஐபியை முன்கூட்டியே விலக்கி வையுங்கள். பரீட்சை நேரத்தில் பாட பேக்கப் ஓடாதிருக்கட்டும்.

ஒற்றெழுத்து

பாமினி பற்றி யாரும் தொடவில்லை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், யுனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலச் சொல், சூத்திரம், அலகு எல்லாம் தமிழ்க் குப்பையாகும். வேர்டின் தேடி-மாற்றும் பெட்டியில் எழுத்துருவைப் பாமினி என்று தேர்ந்து, அந்தப் பகுதிகளுக்கு மட்டும் நிறம் தீட்டுங்கள். நிறமுள்ளதை மட்டும் மாற்றுங்கள். ஐக்கன் வடிவில் (பல்தேர்வு வினாக்களை வெறும் எழுத்துக் கோப்பாக மூடிலில் ஏற்றும் முறை) ஏற்றினால் தெரிவுகளின் முன்னெழுத்தும் விடைவரியின் தலைச்சொல்லும் ஆங்கிலத்திலேயே இருக்கவேண்டும், கோப்பை யுடிஎஃப்-8 (யுனிகோடு) குறியாக்கத்தில் சேமிக்கவேண்டும்.

குறுவிடையில் இன்னும் கவனம் வேண்டும். "ொ" ஒரே குறியாக வந்தாலும் "ெ", "ா" என்று இரண்டாக வந்தாலும் மூடில் சமமாகவே எடுக்கும். ஆனால் "ஔ"வுக்குப் பதில் "ஒ"வும் "ள"வும், "எ"க்குப் பதில் தமிழ் இலக்கம் "௭", துணைக்கால் இடத்தில் "ர" என்று அடித்தால் கண்ணுக்குச் சரி, மூடிலுக்குப் பிழை. நட்சத்திரக் குறி (அந்த இடத்தில் எதுவும் வரலாம் என்று பொருள்) போட்டுத் தளர்த்தாதீர்கள், விடை "மழை" என்றால் "மழை அல்ல" என்பதும் சரியாகிவிடும். பரீட்சை முடிந்ததும் விடை அறிக்கையில் பூச்சியம் வாங்கிய விடைகளைப் பார்த்து, ஏற்கக்கூடியதை 100% விடையாகச் சேர்த்து மறுமதிப்பீடு ஓட்டுங்கள். அதுவரை புள்ளிகளை மறைத்து வையுங்கள்.

வடலிக்காற்று

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மீள எழுதும் மாணவர் சிலர் இரண்டு குரூப்பில் இருக்கிறார்கள். பார்வைக் குறைபாடுள்ள ஒருவருக்கு 15 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும்.

கட்டுத்தறி

இரண்டு குரூப்பில் இருந்தால் மூடில் தளர்வானதையே எடுக்கும்: முந்திய தொடக்கம், பிந்திய முடிவு. தேர்வுக்கென்று தனி குரூப்பிங் (குரூப்களின் தொகுப்பு) வைத்து அவர்களை அதில் ஒரு குரூப்பில் மட்டும் சேருங்கள். அந்த மாணவருக்கு யூசர் ஓவர்ரைடு போடுங்கள், அது குரூப்பை மீறும். நேர வரம்பை 75 ஆக்கினால் மட்டும் போதாது, முடிவு நேரத்தையும் தள்ளவேண்டும். 9.00 குரூப்பில் இருந்தால் 10.25. இல்லாவிட்டால் 10.10க்கே பூட்டிவிடும்.