புது அட்மிஷனுக்குத் தலை முதல் கால் வரை பார்க்கணுமா? இல்லை, ஷீட் நிரப்பினால் போதுமா?

கூடலூர்_சிஸ்டர்:
நம்ம தேனி மாவட்டத்துக் கூடலூர், நீலகிரிக் கூடலூர் இல்லை. வேலை மலைக்கு மேலே, கேரளா பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். இப்போது புது உத்தரவு போட்டிருக்கிறார்கள்: யார் அட்மிட் ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து நாலு பக்கப் பரிசோதனை ஷீட்டை முடிக்கணுமாம். ஏலத்தோட்டத்து ஜீப்புகள் இறங்குகிற சாயங்கால நேரத்தில்தான் எங்களுக்குக் கூட்டமே வரும், அந்த நேரத்தில் காய்ச்சல் என்று வந்தவரின் முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? என் கட்சி இதுதான்: வைட்டல்ஸ் (நாடி, பிபி, மூச்சு, உடல் சூடு) எடு, எதற்கு வந்தாரோ அந்த இடத்தைப் பார், போதும். மிச்சத்தையெல்லாம் பார்க்காமலே "நார்மல்" என்று டிக் அடிக்கிறார்கள், இது ஊரறிந்த ரகசியம்.

பழைய_வார்டு:
ஒத்துக்க மாட்டேன் சிஸ்டர், அதுவும் ஏலத்தோட்டம் என்று சொல்லிவிட்டு இப்படிக் கேட்கிறீர்களே. எங்கள் வார்டுக்கு ஒரு அம்மா வந்தார், தோட்டத்தில் களை எடுக்கிறவர். விடாத காய்ச்சல், தலைவலி. அதற்கு முன்னால் பார்த்த இடத்தில் ஊசி போட்டு, காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே ஸ்டாஃப் ஒருத்தி திரையை இழுத்துவிட்டு முழுசாகப் பார்த்தபோது இடது மார்புக்கு அடி மடிப்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை, அப்புறம் அந்த அம்மா எப்படிச் சொல்வார்? உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கிற பொடி உண்ணி கடித்து வருவது, கடித்த இடம்தான் அந்தப் பொருக்கு. டாக்டர் அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார், காய்ச்சல் இறங்கிவிட்டது. விட்டிருந்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்தப் பொருக்கு எல்லாருக்கும் வராது, வந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுக்குகிற இடம் என்று ஒளிந்துதான் இருக்கும். "எதற்கு வந்தாரோ அந்த இடம்" என்கிறீர்களே, காய்ச்சலுக்கு எது இடம்?

நைட்_தம்பி:
அக்கா, கதை சரி. யார் பார்ப்பது? இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி என்றால் மூன்றுக்கு ஒருவர். அந்தக் கணக்கை நான் பரீட்சைக்குப் படித்ததோடு சரி, வார்டில் கண்டதில்லை. நைட்டில் ஹால் முழுக்க ஒரே ஆள்தான். அதோடு நான் ஆண் நர்ஸ். தோட்டத்து அக்கா ஒருவரிடம் போய் ரவிக்கையைத் தளர்த்துங்கள் என்றால் அடுத்த நிமிஷம் அவர் வீட்டுக்காரர் என் சட்டையைப் பிடிப்பார். திரை இல்லை, பெண் அட்டெண்டர் நைட்டில் கிடையாது.

பழைய_வார்டு:
தம்பி, அதில் நியாயம் இருக்கிறது. பெண் ஸ்டாஃப் கூட இல்லாமல் நீங்கள் தனியாகப் பார்க்கவே கூடாது. ஆனால் ஆள் இல்லை என்பது நிர்வாகத்தின் மேல் போடவேண்டிய வழக்கு, அதை வைத்துப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கையை வைத்தே ஆரம்பிக்கலாமே: பிபி கட்டும்போதே தோலின் சூடு, வியர்வை, நகத்தின் நிறம் எல்லாம் தெரிந்துவிடும். கீழ் இமையை இழுத்தால் சோகை. மஞ்சள் காமாலையை ட்யூப் லைட்டில் தேடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை விழியைப் பாருங்கள். நம்மைப் போல் கறுத்த தோல்காரருக்கு ஆக்ஸிஜன் குறைந்து நீலம் பாய்வது உதட்டைவிட நாக்கில் நன்றாகத் தெரியும். அப்புறம் வயிறு. முதலில் பார்க்கணும், அடுத்து ஸ்டெத் வைத்துக் கேட்கணும், தட்டுவதும் அழுத்துவதும் அதற்கப்புறம்தான். முதலிலேயே அழுத்தினால் குடல் சத்தம் மாறிவிடும். படித்த எல்லாருக்கும் தெரியும், வார்டில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

லோயர்கேம்ப்:
நான் நர்ஸ் இல்லை, அம்மாவுக்குத் துணைக்கு அலைகிறவன். ஸ்வெட்டர் கை மேலேயே பட்டையைச் சுற்றி, அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பிபி எடுக்கிறார்கள், இது சரியா?

பழைய_வார்டு:
சரியில்லை தம்பி. கை வெறுமையாக, இதய மட்டத்தில், கால் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தபின் எடுக்கணும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அளவு கூடத்தான் காட்டும்.

கூடலூர்_சிஸ்டர்:
பொருக்கு விஷயத்தை விட்டுக்கொடுக்கிறேன். காய்ச்சல் என்றால் மடிப்புகளைப் பார்க்கணும், சரி. ஆனால் அதற்கு நாலு பக்க ஷீட் எதற்கு? இங்கிலாந்தில் 2012-இல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் கொண்டுவந்த நியூஸ் ஸ்கோரைப் பாருங்கள், நோயாளி எவ்வளவு மோசம் என்று மார்க் போடுகிற முறை, 2017-இல் திருத்தினார்கள். மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோமா இல்லையா, பிபி, நாடி, நினைவு, உடல் சூடு. ஏழே விஷயம். மூச்சு நிமிஷத்துக்கு 25-ஐத் தொட்டாலே அது ஒன்றுக்கே மூன்று மார்க், உடனே டாக்டரைக் கூப்பிடணும். ஒரு பக்கத்தில் முடிந்தது.

பழைய_வார்டு:
அந்த ஏழில் முதலாவது மூச்சு. அதை யார் எண்ணுகிறார்கள்? எந்தக் கேஸ் ஷீட்டைத் திறந்தாலும் 18 அல்லது 20, வார்டே ஒரே தாளத்தில் மூச்சு விடுகிற மாதிரி. நாடி பார்ப்பது போல் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணணும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். எண்ணாமல் எழுதிய மூச்சுக்கு எந்த ஸ்கோர் போட்டு என்ன பயன்?

இன்னொன்று. ஸ்கோர் ஆள் மோசம் என்று சொல்லும், ஏன் மோசம் என்று சொல்லாது. தோட்டத்துக்கு மருந்து அடித்துவிட்டு மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டார்ச் அடித்தால் கண்பாவை குண்டூசி முனை அளவில் இருக்கும், வாயில் எச்சில் வழியும், உடம்பெல்லாம் வியர்வை. பூச்சிமருந்து விஷம். கண்பாவை உங்கள் ஏழில் இருக்கிறதா?

நைட்_தம்பி:
அந்தக் கேஸில் துணியையும் கழற்றிவிட்டு உடம்பைக் கழுவணும், கையுறை போட்டுத்தான். கழற்றாமல் படுக்க வைத்தால் விஷம் தோல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். இதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா.

கூடலூர்_சிஸ்டர்:
மயங்கி வந்தவருக்கு டார்ச் அடிக்காமல் யாரும் விடமாட்டோம், அதற்கு ஷீட் தேவையில்லை. நான் எதிர்ப்பது கை பிசகி வந்தவருக்கும் அதே நாலு பக்கம் என்பதைத்தான். காய்ச்சல், மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் முழுப் பரிசோதனை, மற்றவருக்கு ஒரு பக்கம். இதை எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

பழைய_வார்டு:
படுக்கையோடு கிடக்கிற வயசானவர்களையும் சேருங்கள். முதுகுக்கு அடியில், குதிகாலில் புண் இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்காவிட்டால் பின்னால் உங்கள் வார்டில் வந்த புண் என்று உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். சேர்த்தால் போடுகிறேன்.

நைட்_தம்பி:
நைட்டுக்குத் திரை ஒன்று, பெண் அட்டெண்டர் ஒருவர் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் என் கையெழுத்து கிடையாது.