கடல்நீரேரிக் கடற்குதிரைக்குக் குளிரூட்டி எதற்கு?

பண்ணைப்பாலம்:

நல்லூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு அடி நீளமும், பதினைந்து அங்குல அகலமும், அதே அளவு உயரமும் கொண்ட மீன்தொட்டி ஒன்று இரண்டு வருடங்களாகக் காய்ந்து கிடக்கிறது. அதில் ஒரு சோடிக் கடற்குதிரைகளை வளர்க்க விரும்புகிறேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நீர்க் குளிரூட்டி வேண்டும், செயற்கைக் கடலுப்பு வேண்டும், உறையவைத்த மைசிஸ் இறால் வேண்டும் என்று ஒரே பட்டியலையே தருகிறார்கள். அந்தப் பட்டியல் கடலைக் காணாத ஊர்களுக்கு உரியது என்பதே என் வாதம். எங்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கடற்புல்லுக்குள் வாழ்கிற கடற்குதிரை எங்கள் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது. சித்திரை வெயிலில் இடுப்பளவு நீர் எவ்வளவு சூடாக இருக்கும் என்பது அதில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும். அதே நீரைப் பிளாஸ்ரிக் கானில் அள்ளி வந்து, வலையில் தவறி ஏறுகிற சோடி ஒன்றை வாங்கி விட்டால், செலவில் முக்காற்பங்கு குறைந்துவிடும். வலையில் ஏறியது எப்படியும் காய்ந்து சாகப்போவது. என் தொட்டியில் என்றால் உயிரோடிருக்கும். இதில் பிழை உண்டென்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

உவர்நீர்:

தம்பி, நான் பதினொரு வருடங்களாக உவர்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு கடற்குதிரைகளை நீங்கள் சொல்லும் இதே நியாயத்தை நம்பித்தான் சாகக்கொடுத்தேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்குதிரை 30 பாகை வெப்பத்தைத் தாங்குமா என்பது கேள்வியே அல்ல, அது தாங்கும். அந்த வெப்பத்தில் 170 லீற்றர் நீருக்குள் அதனோடு சேர்ந்து வேறு எவை பெருகும் என்பதே கேள்வி. கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. உறிஞ்சி விழுங்கியது குடல் வழியே விரைவாகக் கடந்துவிடுவதால், நாளுக்கு இரண்டு மூன்று தடவையாவது இரை போட வேண்டும், அந்த இரையில் ஒரு பங்கு எப்போதும் அடியில் தங்கி அழுகும். கடல்நீரேரியில் வற்றுப்பெருக்கு அதை எடுத்துச் சென்றுவிடும். தொட்டியில் அது விப்ரியோ போன்ற பற்றீரியாக்களுக்கு விருந்தாகும். நீர் சூடேறச் சூடேற அவை விரைந்து பெருகும். என் முதல் ஆண் குதிரைக்கு வாலின் நுனியில் வெள்ளையாக ஒரு புண் தோன்றியது. நான்காம் நாள் எலும்பு வளையம் வெளியே தெரிந்தது. இதனால்தான் வளர்ப்பவர்கள் 22 முதல் 25 பாகைக்குள் நீரை வைத்திருக்கிறார்கள். அது குளிர்நாட்டுப் பழக்கம் அல்ல. சூடான நீரில் ஒட்சிசனும் குறைவாகவே கரையும் என்பதையும், கடற்குதிரையின் பூக்கள் (செவுள்கள்) மற்ற மீன்களுடையவை போலச் சீப்பாக அமையாமல் சிறு குஞ்சங்களாகவே இருக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தொட்டியின் உயரமும் போதாது. வளர்ந்த குதிரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீராழம் வேண்டும் என்பது வளர்ப்போர் வழக்கு. 15 சென்ரிமீற்றர்க் குதிரைக்கு 45 சென்ரிமீற்றர். உங்கள் தொட்டி 38 சென்ரிமீற்றர். மணலையும் மேல்விளிம்பு இடைவெளியையும் கழித்தால் 30 தேறுவதே கடினம். சோடி சேரும்போது இரண்டும் வாலை விட்டு நேராக மேலெழும்பியபடிதான் பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் இடும். ஆழம் போதாவிட்டால் முட்டைகள் அடியில் சிந்திக் கிடப்பதைக் காண்பீர்கள்.

பண்ணைப்பாலம்:

அக்கா, உயரத்தைப் பற்றிச் சொன்னதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறேன். தொட்டியைக் கண்ணாடிக்கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெப்பத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்க முடியவில்லை. வியட்நாமிலும் கடற்குதிரைப் பண்ணைகள் இருக்கின்றன. அது எங்களைப் போன்ற வெப்பநாடுதான். வெப்பம் கூடிவிட்டால், நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். குளிரூட்டி தின்கிற மின்சாரத்தில் விசிறி எத்தனையில் ஒரு பங்கு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சுண்ணக்கல்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். விசிறி நீரைக் குளிர்விப்பது நீர் ஆவியாவதால்தான். ஆவியாகிற நீருக்கு ஈடாக நாள்தோறும் நன்னீர் ஊற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் உவர்ப்பு ஏறும். உப்பு ஆவியாகாது என்பதால் கடல்நீரை ஊற்றி ஈடுகட்டவும் இயலாது. நல்லூரில் அந்த நன்னீர் எங்கிருந்து வரும்? கிணற்றிலிருந்துதான். எங்கள் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வருவது, வன்மை மிக்கது. அத்தோடு தோட்டங்களுக்கு இடுகிற பசளையும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றிவைத்திருக்கின்றன; குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் உண்டு. அந்த நீரை ஒவ்வொரு நாளும் இரண்டு லீற்றர் வீதம் ஊற்றிக்கொண்டே போனால், நீர் போய்விடும், நைத்திரேற்று அங்கேயே தங்கும். மூன்று மாதத்தில் தொட்டியில் என்ன சேர்ந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

வடிகட்டிக் குடிநீர் விற்கிற நிலையங்களில் வாங்கலாம். மாரியில் ஓட்டுக் கூரையின் முதல் மழையைப் போகவிட்டு, பின் விழுகிறதைப் பிடித்து மூடிவைக்கலாம். நாகத் தகட்டுக் கூரையாயின் அதைத் தவிர்த்துவிடுங்கள். செப்புக் குழாய் வழியே வந்த நீரும் கூடாது; கடல்வாழ் இறாலினங்களுக்குச் செம்பு நஞ்சு.

உவர்நீர்:

தம்பி, பண்ணையையும் வீட்டுத் தொட்டியையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில்தான் சறுக்குகிறீர்கள். கடலோரப் பண்ணையில் கடல்நீரை ஒருபுறம் இறைத்து மறுபுறம் வெளியேற்றிக்கொண்டிருக்க முடியும். அழுக்குச் சேர நேரமே இராது. நல்லூர் விறாந்தைக்கு அப்படி ஒரு வாய்க்கால் வருமென்றால் நான் குளிரூட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டேன்.

மின்சாரத்தைப் பற்றி நீங்களே தொடங்கியதால் இதையும் கேட்கிறேன். 2022 பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அன்று உங்கள் பம்பி நின்றிருந்தால் வடிகட்டிக்குள் வாழ்ந்து கழிவின் அமோனியாவைத் தின்கிற நல்ல பற்றீரியாக்கள் ஒட்சிசன் இன்றி இறந்து, அமோனியா ஏறி, மின்சாரம் வந்த நேரம் தொட்டி முழுவதும் நாற்றமெடுத்திருக்கும். குளிரூட்டிக்கு முன்னால் மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றை வாங்கிவையுங்கள். அதன் குமிழிகள் மட்டும் மிக நுண்ணியவையாக இருக்கக்கூடாது. ஆண் குதிரையின் பையில் வாயு அடைத்து, அது தலைகீழாக மிதப்பதைப் பார்ப்பது கொடுமை.

குருநகரான்:

மற்றவர்கள் நீரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் களங்கட்டித் தொழில் (கம்பு நட்டு வலை கட்டி மீன் பிடிப்பது) செய்கிறது. கடற்குதிரை எங்களுக்கு இலக்கு அல்ல. பாசியோடும் புல்லோடும் சிக்கி வருகிற ஒன்று. அதை வலையிலிருந்து பிரிக்கும்போது உடம்பின் தோல் எங்கேனும் உரிந்திருக்கும். அப்படி வந்ததை வாளியில் வைத்து, வெயிலில் கரைக்குக் கொண்டுவந்து, பேருந்தில் நல்லூருக்கு ஏற்றினால், அது இரண்டு நாள் வாழ்ந்தாலும் உறையவைத்த இறாலைத் திரும்பியும் பார்க்காது. இழுவைமடியில் வந்ததாயின் பேச்சே வேண்டாம். 2017 இல் சட்டம் போட்டு அடிமட்ட இழுவையைத் தடைசெய்த பின்னரும் இரவில் அந்தப் படகுகள் எங்கள் கடலில் புல்லைச் சிரைத்துக்கொண்டு போவதைக் கண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

"எப்படியும் சாகப்போகிறது" என்ற வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. உயிரோடு ஏறியதை நாங்கள் பெரும்பாலும் திரும்ப நீருக்குள் போட்டுவிடுகிறோம். நீங்கள் ஒரு சோடிக்கு நல்ல விலை கொடுத்தீர்கள் என்ற செய்தி மறுநாள் காலையில் குருநகரிலும் பாசையூரிலும் இருக்கும். அடுத்த கிழமை அதைத் தேடியே புல்லுக்குள் இறங்குகிற ஆட்கள் வருவார்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பண்ணைப்பாலம்:

குருநகர் அண்ணை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை; வலையில் வந்ததை வாங்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். ஆனால் மற்ற இரண்டு விடயங்களில் இன்னும் நான் தோற்கவில்லை. முதலாவது உப்பு: ஆனையிறவு உப்பு இருக்க, வெளிநாட்டுப் பொதி எதற்கு? இரண்டாவது இரை: கடல்நீரேரியில் கூனி இறால் கைவலையில் அள்ளுகிற அளவுக்கு இருக்கும்போது, கொழும்பிலிருந்து பனிக்கட்டிக்குள் வைத்து மைசிஸ் வரவழைப்பது எந்த வகையில் நியாயம்?

உவர்நீர்:

உப்பில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள்; இரையில் பாதி வென்றிருக்கிறீர்கள்.

உப்பளத்தில் பாத்தியில் படிகமாகி வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே. மக்னீசிய உப்புகள் படியாமல் எஞ்சிய கசப்பு நீரிலேயே நின்றுவிடும். கல்சியத்தில் பெரும்பகுதி உப்புப் படிவதற்கு முன்னரே வேறு பாத்தியில் இறங்கிவிடும். சமையலுக்கு அதுவே சிறப்பு. கடலைத் திரும்பச் செய்வதற்கு அது போதாது. லீற்றருக்கு 35 கிராம் என்று பார்த்தால் உங்கள் தொட்டிக்கு ஏறக்குறைய ஆறு கிலோ செயற்கைக் கடலுப்புத்தான் செலவாகும். அதையும் மிச்சம்பிடிக்க விரும்பினால் வல்வெட்டித்துறைப் பக்கம் திறந்த கடலில் அள்ளுங்கள், கடல்நீரேரியில் வேண்டாம். அது மாரியில் உவர்ப்பு இறங்கி, ஆவணியில் கடலையே மிஞ்சுகிற நீர். அள்ளியதை மூடி, இருட்டில் சில கிழமைகள் வைத்து, உவர்ப்பை அளந்த பின்னரே ஊற்றுங்கள்.

கூனியைப் பொறுத்தவரை, கடலில் அள்ளிய உயிருள்ள இரைக்கு நிகரான உணவு கிடையாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்; கடையில் வாங்கும் ஆட்டீமியா என்ற சிற்றிறாலின் முட்டையைப் பொரிக்கவைத்து, கொழுப்பமிலச் சத்து ஏற்றிக் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. (ஆட்டீமியா 28 பாகையில் ஒரே நாளில் பொரித்துவிடும், எங்கள் வெயில் உதவுகிற ஓரிடம் அதுதான்.) ஆனால் கூனியோடு ஒட்டுண்ணியும், ஐதரோயிட்டு எனப்படும் கொட்டுகிற சிறு உயிரிகளும் வரும். வேறொரு தொட்டியில் சில நாள் வைத்து, நன்னீரில் ஒருமுறை அலசிக் கொடுங்கள். அதை மட்டுமே நம்பியும் இராதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் பத்து நாள் கடலில் இறங்க முடியாமல் போனால் குதிரை பட்டினி கிடக்கும்.

குதிரையைப் பண்ணையில் பிறந்து, உறைந்த இரைக்குப் பழகியதாகவே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதாயின், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் கடற்குதிரையினம் முழுவதும் 2004 முதல் இருப்பதால் அனுமதிப் பத்திரம் தேவை. உள்ளூரில் விற்பவர் என்றால் கடற்றொழில் திணைக்களத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்தையும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பண்ணைப்பாலம்:

தொட்டியை 60 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மாற்றக் கொடுத்து, கடந்த சனிக்கிழமை வல்வெட்டித்துறையில் அள்ளிய நீரை ஊற்றி, குதிரை எதையும் விடாமல் பம்பியை மட்டும் ஓடவிட்டிருக்கிறேன். வடிகட்டியில் நல்ல பற்றீரியாக்கள் பெருகி, அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி இறங்கி இல்லாமற்போக நான்கு முதல் ஆறு கிழமை ஆகும் என்பதால், அதுவரை வெப்பத்தை எழுதிவருவதாக இருக்கிறேன். அதிகாலையில் 28.5 பாகை. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, 31. குளிரூட்டியின் விலையை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் உவர்நீர் அக்கா, நீங்கள் வென்றதாக இன்னும் எழுதமாட்டேன்.

சுண்ணக்கல்:

விறாந்தையில் மேற்கு வெயில் படுகிறதா? படுமென்றால் தொட்டியை உள்ளறைக்கு மாற்றி, விளக்கை அணைத்து, நாளை அதே மூன்று மணிக்கு மீண்டும் அளந்து எழுதுங்கள். விசிறியால் ஆவியானதற்கு ஈடாக எத்தனை லீற்றர் நீர் ஊற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.