ஸ்விஃப்ட் டீசல் இசியு மாத்தினதும் இம்மொபிலைசர் லாக்: வழி சொல்லுங்க

வணக்கம். வண்டி ஸ்விஃப்ட் டீசல், 1.3 லிட்டர். பானெட்டுக்குள்ள வாட்டர் வாஷ் அடிச்சதுல இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) கனெக்டர்ல தண்ணி இறங்கிடுச்சு. ரெண்டு பின்ல பச்சை பூத்து, ஒண்ணு தொட்டதும் உடைஞ்சே போச்சு. பழைய சாமான் மார்க்கெட்ல, பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போற இசியு கிடைச்சுது. (ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே சாஃப்ட்வேர் வேறயா இருக்கலாம், வாங்காதீங்க.)

இக்னிஷன் ஆஃப் பண்ணி, மெயின் ரிலே (இசியுவுக்கு கரண்ட் குடுக்குற சுவிட்ச்) ஆஃப் ஆகுறவரை விட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுத்தான் மாத்தினது. சாவி போட்டா இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) லைட் சிமிட்டுது, ஸ்டார்ட் ஆகல. சாவி கோடு பழைய இசியுவோட ஜோடி, அதனால இது எதிர்பார்த்ததுதான். பேட்டரி 12.6 வோல்ட், எர்த் ஓகே, ஸ்கேனரும் கனெக்ட் ஆகுது.

பழைய இசியு போர்டுல ஈப்ராம் (சாவி கோடு மாதிரி டேட்டா இருக்குற மெமரி) இன்னும் ரீட் ஆகுது. அதை மட்டும் இதுல எழுதினா போதுமா, ஃபிளாஷையும் (இன்ஜின் சாஃப்ட்வேர் இருக்குற மெமரி) சேர்த்து எழுதணுமா? இன்ஜெக்டர் கோடு (ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனியா இருக்குற திருத்த எண்) அதோடவே வந்துடுமா, இல்ல ஸ்கேனர்ல தனியா போடணுமா? எழுதும்போது வோல்டேஜ் விழுந்தா இந்த இசியுவும் காலி, அதனால சார்ஜர் போட்டுத்தான் செய்யணும்.

இம்மொபிலைசரையே ஆஃப் பண்ணிடுங்கனு மட்டும் சொல்லாதீங்க. கோயம்புத்தூர் பக்கம் இசியுவைக் கழட்டி பெஞ்ச்ல (மேஜையில) வச்சு ரீட்-ரைட் பண்றவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க.